ஆண்டறிக்கை 2025–26: தேசிய இளையோர் வேளாண் மாநாடும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. மண் பரிசோதனை முகாமும் விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல நல்லபடியாக முடிந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியைத் தேசிய இளையோர் வேளாண் மாநாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். சங்கத்தின் பிரதிநிதியாக என்னை அனுப்பினீர்கள். அங்கே உங்கள் சார்பில் என்ன பேசினேன், அது என்ன ஆனது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

புறப்படுவதற்கு முன் செயற்குழு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லி அனுப்பியது. நம்மில் பலர் உழுகிற நிலம் நம் பேரில் இல்லை. அப்பா பேரில் இருக்கிறது, அல்லது வாய்மொழிக் குத்தகையில் இருக்கிறது. பயிர்க்கடன், காப்பீடு, மானியம் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது நிலப் பத்திரத்தைத்தான். உழைப்பவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர். இதை மாநாட்டுத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும் என்பதே எனக்குக் கிடைத்த கட்டளை.

இளைஞர்கள் விவசாயத்தை விட்டு விலகுவது பற்றிய குழுவில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த வரைவில், முதல் காரணமாக 'ஆர்வக் குறைவு' என்று எழுதியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வேலை செய்யும் இளைஞர்களில் 44 சதவீதம் பேர் உணவு, வேளாண்மை சார்ந்த தொழில்களில்தான் இருக்கிறார்கள். இத்தனை பேர் இந்தத் துறையில் இருக்கும்போது ஆர்வமில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டேன். உலகத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய 84 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அவை எல்லாம் சேர்ந்து விவசாய நிலத்தில் சுமார் 12 சதவீதம்தான். அந்தத் துண்டும் பிள்ளைகளுக்குப் பாகம் பிரியும்போது, நிலம் கைக்கு வருவதற்குள் இளமையே போய்விடுகிறது. வேறு ஊர்ப் பிரதிநிதிகளும் இதையே சொன்னார்கள். ஆடு மாடு வளர்ப்பவர்கள், காய்கறி போடுபவர்கள், தேனீ வளர்ப்பவர்கள் என்று ஆளுக்கு ஒரு தொழில், ஆனால் சிக்கல் ஒன்றுதான்.

இறுதித் தீர்மானத்தில் நிலமும் கடனும் முதல் இடத்துக்கு வந்தன, ஆர்வம் பற்றிய வரி கீழே போனது. குத்தகையை எழுத்தில் பதிவு செய்ய எளிய வழி வேண்டும் என்ற நம் வாசகமும் ஏறியது. நிலத்தை ஈடு கேட்காமல், நிற்கும் பயிரைப் பார்த்துக் கடன் தர வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் 'பரிசீலிக்கலாம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். அதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொழில்நுட்ப அமர்வுகளில் டிரோன், சென்சார் எல்லாம் காட்டினார்கள். அவை நம் அளவுக்கு இப்போது எட்டாதவை. நமக்கு உடனே உதவக்கூடியது நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு, நீர் கட்டுவது. பக்கவாட்டில் துளையிட்ட, ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயை வயலில் பாதிக்குமேல் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயவே கூடாது. இப்படிச் செய்தால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும், விளைச்சலும் குறையாது. வயல் இடையிடையே காய்வதால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவதும் குறையும். ஊர் திரும்பியதும் சில உறுப்பினர்கள் தங்கள் வயலில் குழாய் இறக்கிவிட்டார்கள். அறுவடை முடிந்ததும் அவர்களே கூட்டத்தில் பேசுவார்கள்.

அப்புறம், அடுத்த முறை போகிறவருக்கு ஒரு வார்த்தை. மேடைப் பேச்சுகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தீர்மானம் எழுதும் குழுவில் இடம்பிடியுங்கள். வரைவை முந்தின இரவே வாங்கிப் படித்துவிடுங்கள். மாற்ற வேண்டிய வரியைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். வெறுமனே ஆட்சேபம் சொன்னால் யாரும் கேட்பதில்லை, மாற்று வாசகத்தைக் கொடுத்தால் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஐ.நா. பொதுச்சபை 2026ஐச் சர்வதேசப் பெண் விவசாயிகள் ஆண்டாக அறிவித்திருக்கிறது. நிலம் பேரில் இல்லாத சிக்கல் பெண்களுக்கு நம்மைவிடக் கூடுதல். அதனால் அடுத்த மாநாட்டுக்கு நம் பெண் உறுப்பினர் ஒருவரையே அனுப்ப வேண்டும், அவரை இன்றைய கூட்டத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கடன் கோரிக்கையைச் செயற்குழு மனுவாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்