ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பும் கணக்கில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

5ஜிக்கு அடுத்து வரப்போகும் 6ஜி செல்போன் சேவை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எந்த போனுக்கு எவ்வளவு அலைவரிசை என்பதை இனி செயற்கை நுண்ணறிவே பிரித்துக் கொடுக்கும், வீணாவது குறையும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஆனால் அதற்கு எதை இலக்காகச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் கம்பத்துக்காரன். அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக மலைக்கு மேலே கேரளாவில் உள்ள வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறார். விடியும் முன்னே ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக மேலே போனால் இருட்டும் நேரத்தில்தான் இறங்குவார், அவரைப் போல எத்தனையோ பேர், எல்லா ஜீப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். மலை ஏற ஏற நம் பக்கத்து சிக்னல் தேய்ந்து கேரளா டவர் பிடிக்கும். தமிழ்நாடும் கேரளாவும் தனித்தனி தொலைத்தொடர்பு வட்டம், அதாவது செல்போன் சேவைக்காகப் பிரித்த பகுதி, அலைவரிசை ஏலமும் வட்டவாரியாகத்தான் நடக்கிறது. மேட்டில் பேச்சு பாதியில் அறுந்து போவது எங்களுக்குப் பழகிவிட்டது.

டவர் தன்னிடம் உள்ள அலைவரிசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி யாருக்கு எத்தனை என்று பங்கு வைக்கிறது, 5ஜியில் அரை மில்லி விநாடிக்கு ஒருமுறைகூட. டவரடியில் நிற்பவருக்கு ஒரு துண்டிலேயே நிறைய தகவல் போய்விடும். மலைமடிப்புக்குள் நிற்பவருக்கு அதே தகவலை அனுப்பப் பல துண்டுகள் வேண்டும். அதனால் செயற்கை நுண்ணறிவிடம் மொத்த வேகத்தைக் கூட்டு என்று மட்டும் சொல்லிவிட்டால், மடிப்பில் நிற்பவரை விட்டுவிடுவதுதான் லாபம் என்று அது கற்றுக்கொள்ளும். ரொம்ப நேரம் காத்திருந்தவருக்கும் முறை வரும்படி கணக்குப் போடும் வழி ஏற்கெனவே இருக்கிறது, புதியது வரும்போது அதைத் தொலைத்துவிடக் கூடாது.

அப்புறம், மின்சாரத்தை மிச்சப்படுத்த, கூட்டமில்லாத நேரத்தில் டவரின் ஒரு பகுதியைத் தூங்க வைக்கும் ஏற்பாடு. முந்தைய நாட்களின் பயன்பாட்டை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். தோட்டத்தில் காய் எடுக்கிறவர் பகலில் போனைத் தொடுவதே அபூர்வம், லயத்தில், அதாவது தோட்டத்திலேயே தங்குகிறவர்களின் வரிசை வீடுகளில், ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைத்துவிடுவார்கள். கணக்குப்படி அங்கே ஆளே இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லயத்தோடு புதைந்தன. விஷயம் வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அன்றைக்கு இந்த மாதிரி நிரல் எதுவும் காரணமில்லை, ஊரே தொடர்பற்றுக் கிடந்தது. ஆனால் இனி வரப்போகிற நிரல் அப்படியொரு இடத்தை முந்தைய மாதத்து டேட்டா கணக்கை வைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நான் கேட்பது, தூங்கும் டவரிலும் 112 என்ற அவசர உதவி அழைப்புக்கும் சாதாரணப் பேச்சுக்கும் ஒரு பங்கை எந்த நிரலும் தொட முடியாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும், அதை விதியாகவே எழுத வேண்டும். இன்னொன்று, ஜீப்புகள் கிளம்பும்போதே கீழே உள்ள டவருக்குக் கூட்டம் நகர்வது தெரிந்துவிடும், யாருடைய விவரமும் கொடுக்காமல் அந்த ஒரு தகவலை மட்டும் மேலே இருக்கும் டவருக்குச் சொன்னால் அது முன்கூட்டியே தயாராகலாமே. வட்டம் வேறு என்பது இதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

அடுத்து இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை ஒரு நாள் கம்பத்துக்கு அனுப்புங்கள். ஐந்தரை மணி ஜீப்பில் அம்மாவோடு அவருக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கம்பம்