நிலா – காண்க: சந்திரன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேடல் இயந்திரங்களுக்கு இனி நம் கேள்வி முழுதாகப் புரியும் என்ற தங்கள் நாளிதழ்க் கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் நூலக அட்டவணை எழுதியவன் நான். பாதி மகிழ்ச்சி, பாதி எரிச்சல்.

நிலாவைப் பற்றிய நூல்களைச் 'சந்திரன்' என்ற தலைப்பில் சேர்ப்போம். வேறு பெயரில் தேடி வருபவருக்காக 'நிலா – காண்க: சந்திரன்' என்று தனி அட்டை இருக்கும். 'திங்கள்' வந்தால்தான் தலைவலி: கிழமையா, மாதமா, நிலவா? 2001இல், வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும், பக்கங்களின் பொருளைக் கணினியும் புரிந்துகொள்ளும்படி குறித்துவைக்கும் 'செமான்டிக் வெப்' பற்றி எழுதியபோது, இந்த அட்டை வேலையை இணையம் முழுவதற்கும் செய்யப்போகிறார்கள் என்று துள்ளினேன். நடக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பொருட்குறிப்பு எழுத யாருக்குப் பொறுமை? என்னைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

ஆனாலும் அந்தக் கனவின் ஒரு துண்டு பிழைத்தது. 2012இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுக் கிடங்கான விக்கித்தரவில் நிலாவின் எண் க்யூ405. மதி, சந்திரன், மூன் என எம்மொழியில் எப்பெயர் சொன்னாலும் அந்த எண்தான். ஒவ்வொரு தகவலுடனும் ஆதாரம் குறிக்க இடமுண்டு. பல இடங்களில் அது காலியாகக் கிடப்பது வேறு கதை.

மறுபக்கம், சொற்களின் சேர்க்கையிலிருந்து பொருளை ஊகிக்கும் மொழி மாதிரிகள் வளர்ந்தன. 2019இல் கூகுள் தன் தேடலில் 'பெர்ட்' மாதிரியைச் சேர்த்தபின், 'இருந்து', 'வரை' போன்ற சின்னச் சொற்களுக்கும் மதிப்பு வந்தது. அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

சென்ற வாரம் ஒரு தேடல் சேவையிடம், "அப்போலோ பயணங்களில் நிலா வரை போயும் அதில் ஒருபோதும் கால் வைக்காதவர்கள் யார்?" என்று கேட்டேன். சரளமான பதில் வந்தது. பட்டியலில் ஜான் யங்! 1969இல் அப்போலோ 10இல் இறங்காமல் திரும்பியவர்தான். ஆனால் 1972இல் அப்போலோ 16இல் போய் நடந்துவிட்டாரே. அப்போலோவில் நிலா வரை சென்ற 24 பேரில் நடந்த 12 பேரைக் கழித்தால் மீதி 12 பேர். விக்கித்தரவு போன்ற தரவுக் கிடங்கில் இது வெறும் கழித்தல் கணக்கு. 'ஒருபோதும்' என்ற சொல்லை அந்த இயந்திரம் படித்ததா, தாண்டிப் போனதா? தெரிந்துகொள்ள வழியில்லை, பதிலுக்குக் கீழே ஓர் ஆதாரம்கூட இல்லை.

அடுத்த கட்டுரையில், இந்தப் பதில்களுக்கான 'காண்க' அட்டை எங்கே என்று அந்த நிறுவனங்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்