என்ன மண் என்று கேட்டிருந்தீர்கள்

மூர்ஹெட், மின்னசோட்டா
ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் மாட்டுப் பொங்கலன்று வந்து சேர்ந்தது. நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கு நீங்கள் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டாமல், "அங்கே என்ன மண், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, அதையாவது எழுது" என்று கேட்டிருந்தீர்கள். அதுதான் உறைத்துவிட்டது. போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. அம்மா "சாப்பிட்டியா, குளிருதா" தாண்டி வேறெதுவும் கேட்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கவரில் முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய வீடு ஒரு ஆளுக்கு ரொம்பப் பெரிசு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தைச் சும்மாதான் போட்டு வைத்திருந்தார், அங்கே வந்துவிட்டேன். தரைக்குக் கீழே இருப்பதால் கதகதப்பாக இருக்கிறது. ஜன்னல் சின்னது, பனி பெய்தால் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். காரையும் கொடுத்துவிட்டேன். பஸ்ஸே வசதி.

சரி, மண். கறுப்புக் களிமண் அப்பா, நம்ம மேலத்தெரு வயல் மாதிரி. மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். தரை அவ்வளவு சமம், கடப்பாரையை நட்டுவைத்தால் அடுத்த ஊரிலிருந்து பார்க்கலாம். வந்த புதிதில் நம்ம காவிரி மாதிரி ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். இது ஏரியின் அடிமண். பனியுகம் முடிந்து பனிப்பாறை வடக்கே பின்வாங்கியபோது, உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி ஒரு ஏரியாக நின்றிருக்கிறது. அகாசி ஏரி என்று பின்னால் பேர் வைத்தார்கள். இங்கே இருக்கிற ஐந்து பெரிய ஏரிகளையும் சேர்த்தால்கூட அதன் பரப்புக்கு ஈடாகாது என்கிறார்கள். சுமார் 8,000 வருடத்துக்கு முன்னால் வடிந்துபோய்விட்டது. நாங்கள் குடியிருப்பது அந்த ஏரித் தரையில்தான்.

ஊருக்கு நடுவில் ரெட் ரிவர் என்று ஒரு சின்ன ஆறு. அக்கரை வேறு மாநிலம். பார்க்க நம்ம கோரையாறு அளவுதான், ஆனால் வடக்கே ஓடுகிறது! மைலுக்கு ஒரு அடிகூட இறங்காததால் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து கனடாவுக்குள் போய், கடைசியில் ஹட்சன் விரிகுடாவில் கலக்கிறது. வம்பே அந்த வடக்கில்தான். வசந்தகாலத்தில் தெற்குப் பக்கத்துப் பனி முதலில் உருகும். அந்தத் தண்ணீர் வடக்கே போனால் அங்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். போக வழியில்லாமல் வயலெல்லாம் கடலாகிவிடும். 2009-ல் இங்கே 40 அடிக்கு மேல் ஏறி, ஊரே கூடி மணல் மூட்டை அடுக்கியதாம். பெரியவரும் அடுக்கியிருக்கிறார்.

அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தாத்தா காலத்தில் நார்வேயிலிருந்து வந்த குடும்பம், பீட் விவசாயி. நம்ம ஊர் சிவப்பு பீட்ரூட் இல்லை, இது வெள்ளையாக, முள்ளங்கியைப் பெருக்கவைத்த மாதிரி இருக்கும். சர்க்கரை எடுக்கிற கிழங்கு. கரும்பு இல்லாமல் சர்க்கரையா என்று அம்மா கேட்பாள். நானும் கேட்டேன். எதைச் சொன்னாலும் "நாட் டூ பேட்" என்பார், பரவாயில்லை என்று அர்த்தம். மனைவி எப்படி இறந்தார் என்று ஒரு நாள் சொல்லி முடித்துவிட்டு, அதற்கும் அதையேதான் சொன்னார். தினமும் காலை ஆறு மணிக்கு வெளியே போய் வெப்பமானியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். கூடவே ஆற்று மட்டமும். முப்பது நாற்பது நோட்டு இருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மழையும் வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியும் எழுதுகிற இன்னொரு ஆளை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். உங்களைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்.

இன்றைக்கு அவர் நோட்டில் மைனஸ் 29. இதெல்லாம் குளிரே இல்லையாம். 1996 பிப்ரவரி 2-ம் தேதி இந்த மாநிலத்தின் வடகிழக்கில் டவர் என்ற ஊரில் மைனஸ் 51 வரை போயிருக்கிறது. மூக்குக்குள் முடி நறநறவென்று உறைவது ஒரு மாதிரி வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஏரிமேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். வாலை என்று நம்ம வாளையைப் போலவே பேர் சொல்கிற ஒரு மீன், ஆனால் இனம் வேறு. பெரியவர் நாலு கொடுத்தார். அம்மா அனுப்பிய புளியில் குழம்பு வைத்தேன். முதல் நாளைவிட மறுநாள்தான் ருசி. அவரும் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, "நாட் டூ பேட்" என்றார்.

செப்டம்பரில் அவருடைய மகளைப் பார்க்க துலூத் வரை போய்வந்தோம். அவருக்குக் கண் மங்கல், வண்டியை நான்தான் ஓட்டினேன். வேண்டாம் என்று சொல்லியும் கையில் கொஞ்சம் பணம் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கூட இருந்திருந்தால் வழியெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். இருபது கிலோமீட்டர் கிழக்கே போனதும் மணல் திட்டுகள், அந்தப் பழைய ஏரியின் கரை. அதில் ஏறினால் இன்னொரு நாடு மாதிரி இருக்கிறது. மேடும் பள்ளமுமாக, பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு ஏரி. பனிப்பாறை உருகும்போது சரளையும் மண்ணும் கொட்டிவிட்டுப் போன இடமாம். பத்து ஏக்கருக்கு மேற்பட்டவை மட்டும் 11,842 ஏரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாநிலம் தமிழ்நாட்டைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு, ஜனம் 57 லட்சம்தான். அப்போது ஒரு ஏரிக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். மேற்கில் ஒரு காலத்தில் ஆள் உயரப் புல்வெளியாம். உழுது உழுது இப்போது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் மிச்சம். நடுவில் இலையுதிர் காடு, வடகிழக்கில் ஊசியிலைக் காடு. மூன்றும் சந்திக்கிற மாநிலம் இது. தென்கிழக்கில் பனிப்பாறை கடைசியாக வந்தபோது தொடாமல் விட்ட செங்குத்துப் பாறை ஓரங்கள் இருக்கின்றன என்கிறார், நான் பார்த்ததில்லை.

வழியில் ஓஜிப்வே பூர்வகுடிகளின் ஊர்ப்பக்கம் ஒரு ஏரியில் பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஏரிக்குள் ஆள் உயரத்துக்கு நெல் மாதிரி ஒரு பயிர். யாரும் நாற்று விடவில்லை, நடவில்லை, களை எடுக்கவில்லை. ஒரு சின்னப் படகில் இரண்டு பேர். ஒருவர் நீளக் கம்பால் படகைத் தள்ளுகிறார், இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து, மற்றதால் மெல்லத் தட்டுகிறார். முற்றிய மணி மட்டும் படகில் உதிர்கிறது. தண்ணீரில் விழுகிறதுதான் அடுத்த வருடத்துக்கு விதை. அவர்கள் மனூமின் என்கிறார்கள். நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம், அரிசி கறுப்பாக ஊசிபோல் நீளமாக இருக்கிறது. கஞ்சி வைத்துப் பார்த்தேன். வேக ஒரு மணி நேரம் ஆனது, குழைவேனா என்றது. நீங்களாக இருந்தால் ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு வந்து நம்ம குளத்தில் போட்டிருப்பீர்கள்!

அதற்கப்புறம் இடாஸ்கா. மிசிசிப்பி பிறக்கிற ஏரி. 3,700 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, அங்கே முழங்கால் ஆழம்தான். வரிசையாகக் கல் கிடக்கிறது, குழந்தைகள் தாண்டித் தாண்டிப் போகின்றன. அங்கிருந்து கிளம்புகிற தண்ணீர் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்ச் சேர 90 நாள் ஆகுமாம். மேட்டூரில் திறந்தால் மூணாம் நாள் கல்லணை என்று நமக்குக் கணக்கு. இங்கே மூணு மாதம்.

ஹிப்பிங் ஊரில் இரும்புச் சுரங்கம். மலையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்புப் பள்ளம். இரும்புக்காக ஊரையே பெயர்த்துத் தள்ளி வைத்திருக்கிறார்கள், வீடுகளை உருட்டிக்கொண்டு போனார்களாம். நான் நின்று பார்த்தது அதை இல்லை. அங்கே வடக்கே ஒரு மேடு. சுரங்கத்துக்குச் சொந்தமான இடம் என்பதால் கிட்டே போக முடியவில்லை, பெரியவர் விரலால்தான் காட்டினார். அதன்மேல் விழுகிற மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்கு, ஒரு பங்கு கிழக்கே சுப்பீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக்குக்கு, ஒரு பங்கு தெற்கே மிசிசிப்பிக்கு. எனக்கு உடனே நீடாமங்கலம் மூணாறு தலைப்பு ஞாபகம் வந்துவிட்டது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. எங்கள் ஊரில் மதகு வைத்துப் பிரிக்கிறோம், ஒரு அங்குலம் கூடினால் சண்டை என்றேன். பெரியவருக்கு முறைத்தண்ணீர் என்பதே புரியவில்லை. இந்த மாநிலத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் வருவது ரொம்பக் குறைவு. மழையாகவும் பனியாகவும் விழுவது இங்கிருந்து வெளியே போகிறது. மேட்டூரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

துலூத்தில் சுப்பீரியர் ஏரி. ஏரி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அக்கரை கண்ணுக்கே தெரியவில்லை. 82,000 சதுர கிலோமீட்டர், அலை அடிக்கிறது, கப்பல் வருகிறது. ஆனால் உப்பு வாசனை இல்லை. கரையெல்லாம் 110 கோடி வருடத்துக்கு முன்னால் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்புப் பாறை. ஒரு சின்னக் கல் எடுத்து வைத்திருக்கிறேன், பாப்பாவுக்கு.

ராத்திரி இங்கே பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் நம்ம மோட்டார் கொட்டகைச் சத்தம் மாதிரியே இருக்கிறது. அது ஓடும்போது தூங்கிவிடுகிறேன். நின்றதும் முழிப்பு வந்துவிடுகிறது. கரண்ட் போய்விட்டது, மடை திறந்து கிடக்கிறது, அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். செருப்பைத் தேடியும் இருக்கிறேன். பொங்கலன்று மின்சார அடுப்பில் பால் பொங்கி, புகை மணி அடித்து, பெரியவர் ஓடி வந்தார். "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன், அவரும் கத்தினார். இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்கால் ஓரத்து ஆறு மா நிலத்தை வாங்க ஆள் வந்திருப்பதாகவும் முன்பணம் வாங்கிவிடலாம் என்று பெரிய மாமா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அது இன்னும் சித்தப்பாவோடு கூட்டுப்பட்டாவில் இருக்கிறது. முதலில் உட்பிரிவுக்கு மனு கொடுங்கள். சித்தப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அம்மா பேசட்டும், அவருக்கு அம்மாவிடம்தான் பயம். பாபநாசத்து வீட்டார் கல்யாணத்தை வைகாசியில் வைக்க வேண்டும் என்றால் ஆவணிக்குத் தள்ளப் பாருங்கள், பையனுக்கு லீவு இல்லை என்று என்னைச் சாக்காகச் சொல்லுங்கள்.

சங்கத்தில் இருக்கிற நகையை மார்ச்சில் மீட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். இந்த ஒரு தடவை வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். இங்கே சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான். அதைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதம் வருவதற்குள் மேட்டூரை மூடியிருப்பார்கள். தாளடிக்குக் கடைசித் தண்ணீர் பாய்ந்ததா, சாய்ந்த சம்பாவில் மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று எழுதுங்கள். பெரியவரும் கேட்கிறார். முகவரியில் "பேஸ்மென்ட்" என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மேலே அவரிடம் போய்விடும். போனாலும் பரவாயில்லை, ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வார்.

உங்கள் அன்பு மகன்

பி.கு.: அம்மா, புளி அனுப்ப வேண்டாம், தபால் செலவு அதிகம். இருப்பது ஆடி வரை வரும்.