செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

கும்பகோணத்தில் நமது மன்றம் நடத்தும் ஞாயிறு காலை வகுப்பு இந்த ஆண்டும் தொய்வில்லாமல் நடந்தது. சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி கணக்குப் பயிற்சியையும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பயிற்சியையும் ஒன்றாக்கினோம். விதி ஒன்றுதான்: நோட்டில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்காத கணக்கைக் கணினியில் தட்டக் கூடாது. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

பாடத்தை, வகுத்தலில் வரும் மீதியிலிருந்து தொடங்கினோம். பைத்தானில் சதவீதக் குறி போட்டால் மீதி வரும் என்பதை நம்பவே சிலருக்கு ஒரு வகுப்பு ஆனது. ஒற்றை இரட்டை பார்ப்பதில் ஆரம்பித்து லீப் ஆண்டுக்கு வந்தோம். 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு என்று நிரல் சரியாகச் சொல்லும்வரை யாரையும் எழவிடவில்லை.

ஆண்டின் பெரிய சண்டை மைனஸ் 7 பற்றியது. அதை 3 ஆல் வகுத்தால் மீதி என்ன? பைத்தான் 2 என்றது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சி++ என்ற இன்னொரு நிரல்மொழியில் போட்டுப் பார்த்து மைனஸ் 1 என்றார்கள். சரி, எது சரி? பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றத்தின் பொது வடிவத்தைப் பார்த்தோம். மீதி 0 க்குக் கீழே போகக் கூடாது என்கிறது அது. அப்படியானால் −7 = 3 × (−3) + 2. சி++ ஈவின் தசமப் பகுதியை வெட்டிவிட்டு −2 ஐ எடுத்துக்கொள்கிறது, அதனால் மீதி −1 ஆகிறது. பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட அந்த நிபந்தனை எதற்காக இருக்கிறது என்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆண்டில் உருப்படியான வகுப்பு அதுதான்.

யூக்ளிட் முறையில் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) காண்பதும் அதே சூட்டில் முடிந்தது: 1071, 462 இரண்டுக்கும் மூன்றே வகுத்தலில் 21. பகா எண் சோதனையில் 9973 ஐ 2 முதல் 9972 வரை ஒவ்வொன்றாக வகுத்துக் கொண்டிருந்தவர்களை, வர்க்கமூலம் வரை, அதாவது 99 வரை போனால் போதும் என்று நிறுத்தினோம்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். அவர் வளர்ந்த ஊரில் 1729 ஐத் தெரியாத பிள்ளை கிடையாது. இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. ஆகவே அப்படிப்பட்ட அடுத்த எண்ணைத் தேடச் சொன்னோம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டவர்களுக்கும் விடை வந்தது, கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. விடை 4104: 2, 16 இன் கனங்கள் ஒரு ஜோடி, 9, 15 இன் கனங்கள் இன்னொரு ஜோடி.

மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகரின் 6174 கணக்கையும் செய்தோம். நான்கு இலக்க எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாதவரை, ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். ஒரு மாணவியின் நிரல் மட்டும் 2111 க்குப் பூஜ்ஜியம் காட்டியது. 2111 இல் 1112 போக 999. நோட்டில் அதை 0999 என்று எழுதியிருந்தார். கணினி முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டது. நான்கு இலக்கமாக நிரப்பும்படி ஒரு வரி சேர்த்ததும் 8991, 8082, 8532, 6174 என்று ஒழுங்காக வந்தது. நோட்டு விதியைக் குறை சொன்னவர்கள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மடிக்கணினிகள் போதவில்லை. பழைய கணினி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தந்து உதவ வேண்டும். வரும் ஆண்டில் பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரடோஸ்தனிஸ் சல்லடையும் பகாக் காரணிப்படுத்தலும் எடுக்க உத்தேசம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்