'விமானப் பயணத்துக்கு ஏற்றது' என்று விற்ற மேக்கப் பாட்டில் செட் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பயண மேக்கப் செட்டின் குறைபாடுகள், பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையதளத்தில் பயண மேக்கப் செட் ஒன்றை வாங்கினேன். காலி பாட்டில்கள், கிரீம் டப்பாக்கள், எல்லாவற்றையும் போட்டுவைக்க ஒரு ஜிப் பை. பெட்டியின் முகப்பில் 'விமானப் பயணத்துக்கு ஏற்றது', 'கசியவே கசியாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மையில்லை. உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தும் பலனில்லாததால் எழுத்தில் தருகிறேன்.

பெரிய பாட்டிலின் அடியில் 120 மி.லி. என்று அச்சாகியிருக்கிறது. கைப்பையில் கொண்டுபோகும் திரவம், கிரீம், ஜெல் எதுவானாலும் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2006-இல் வந்தது. புது ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் தளர்த்தியிருந்தாலும், பல இடங்களில் இன்றும் அதே விதிதான். அதிலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. சோதனையில் இருந்த ஊழியர் என் மேக்கப் ரிமூவரை எடுத்தார், கவிழ்த்து அடியைப் படித்தார், குப்பைத் தொட்டியில் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் படித்த எண்ணை அச்சடித்தவர்கள் நீங்கள்தானே! போதாததற்கு நீங்கள் கொடுத்த பை பூப்போட்ட ரோஸ் நிறம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, ஒரு லிட்டர் அளவுப் பைதான் அங்கே செல்லும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு பைக்கு மாற்ற வேண்டியதாயிற்று, பின்னால் வரிசை காத்திருக்க.

மிச்சமிருந்தவை விமானத்துக்குள் கசிந்தன. பம்ப் வைத்த பாட்டிலில் ஃபவுண்டேஷன் ஊற்றியிருந்தேன். இறங்கிப் பையைத் திறந்தால் ஜிப்பின் பல்லிடுக்கெல்லாம் பழுப்பு. ஐ ஷேடோ பேலட்டின் கீலுக்குள் புகுந்து, மூடி திறக்கவே அடம்பிடித்தது. பிரஷ்களின் மயிர் சேர்ந்து ஒட்டி, பெயின்ட் கழுவாத தூரிகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு பாட்டில்களின் மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றில்கூட வாஷர் கிடையாது. பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பம்புக்குப் பூட்டும் இல்லை.

இதற்கு உங்கள் சேவை மையம் சொன்ன பதில்: "ரொம்ப நிரப்பிட்டீங்க மேடம், கொஞ்சம் காலி விட்டிருக்கணும்." உங்கள் அட்டையில் 'பாதியளவு மட்டும் நிரப்பவும்' என்று இருக்கிறது, நான் அதைத்தான் செய்தேன். சிக்கலே அங்கேதான். விமானம் உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்து, சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல் ஆகிறது. மூடிய பாட்டிலுக்குள் சிக்கிய காற்று விரிய இடம் தேடும். பம்பின் குழாய் திரவத்துக்குள் மூழ்கியிருப்பதால், மேலே இருக்கும் காற்று திரவத்தைக் குழாய் வழியே தள்ளும். பாட்டில் எவ்வளவு காலியோ அவ்வளவு காற்று, அவ்வளவு தள்ளல். பிதுக்கக்கூடிய மெத்தென்ற பாட்டிலாவது கொடுத்திருந்தால் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடலாம். உங்களுடையதோ கல் மாதிரி இருக்கிறது.

அதற்கும் ஒரு யோசனை சொன்னார்கள்: மூடிக்கு அடியில் பாலித்தீன் துண்டு வைத்து இறுக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான், ஊரே செய்வதுதான். ஆனால் அதைச் செய்ய நான் வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலையே எடுத்துப் போயிருப்பேனே. 'கசியவே கசியாது' என்பதற்குக் காசு எதற்கு?

இன்னொன்று. அட்டையில் சிறிய டப்பாவுக்கு நேராக 'நெயில் பாலிஷ் ரிமூவர்' என்று எழுதியிருக்கிறது. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் டப்பா வெளுத்துப் பிசுபிசுத்தது. அடியில் முக்கோணத்துக்குள் 6, அதாவது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகை. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். 2 அல்லது 5 எண் போட்ட பிளாஸ்டிக்காக இருந்தால் தாங்கியிருக்கும். பாட்டில் செய்கிற நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்குமா?

செட்டின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் கூரியர் செலவு உங்களுடையது. பாழான ஃபவுண்டேஷன், பிரஷ், பேலட்டின் ரசீதுகளை இணைத்திருக்கிறேன். அவற்றுக்கான ஈட்டையும் கேட்கிறேன். மாற்று செட் வேண்டாம். 120 மி.லி. பாட்டில் செட்டில் இருக்கும்வரை பெட்டியின் முகப்பில் இருக்கும் 'விமானப் பயணத்துக்கு ஏற்றது' என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். ரிமூவர் பற்றிய வரியை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

பாட்டிலின் அடி, மூடியின் உட்புறம், கரைந்த டப்பா மூன்றின் படங்களும் ஆர்டர் விவரமும் இத்துடன் உள்ளன. பதிலைப் போனில் அல்ல, எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்