முக்குகிற கிடாவுக்கு எண்ணெய் புகட்டும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடு முக்கினால் மலச்சிக்கல், எண்ணெய் புகட்டலாம் என்று உங்கள் கால்நடைப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். கிடாவாக இருந்தால், அதிலும் காயடித்த கிடாவாக இருந்தால், முதலில் அது மூத்திரம் பெய்கிறதா என்று பாருங்கள் என ஒரு வரி சேர்த்திருக்கலாம். மூத்திரக் குழாயில் கல் அடைத்தாலும் கிடா அப்படித்தான் முக்கும். அந்த ஒரு வரி தெரியாமல் ஒரு கிடாவைப் பறிகொடுத்தவன் நான்.

வாலை வெட்டி வெட்டி ஆட்டியது, பின்னங்காலால் வயிற்றை உதைத்தது, முதுகை வளைத்து நின்று முக்கியது, பல்லை நறநறவென்று கடித்தது. நாலைந்து புழுக்கைதான் விழுந்தது, அதனால் மலச்சிக்கல் என்றே முடிவு கட்டிவிட்டோம். இரண்டாம் நாள் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது, அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. மூத்திரப்பை கிழிந்து அழுத்தம் விட்டுப்போனதால் வந்த அமைதி அது என்பது அப்புறம்தான் புரிந்தது. மறுநாள் வயிறு இரண்டு பக்கமும் தொங்கித் தளும்பியது. மருத்துவர் ஊசியால் அந்த நீரை எடுத்து இரத்தத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார். மூத்திரத்தோடு வெளியேறும் கழிவான கிரியேட்டினின், வயிற்று நீரில் இரத்தத்தில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது மூத்திரம்தானாம். எங்கள் கிடாவுக்கு அப்படித்தான் இருந்தது, பிழைக்கவில்லை.

பெட்டைக்கும் கல் உண்டாகும், ஆனால் அதன் மூத்திரக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆணுக்கு நீளமான ஒடுங்கிய குழாய், நடுவில் இரட்டை வளைவு வேறு. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் குறியின் நுனியில் புழுப்போல ஒரு மெல்லிய வால் நீண்டிருக்கும், மணல் அளவு கல் அங்கே சிக்கினாலே போதும். ஆட்டை உட்காரவைத்துக் குறியை வெளியே எடுத்து மருத்துவர் முதலில் பார்ப்பது அந்த வாலைத்தான். அதை வெட்டிவிட்டு மூத்திரம் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, பின்னால் இன்னும் கற்கள் வரிசையில் நிற்கலாம். மாட்டுக்கு இந்த வால் கிடையாது, அதன் கல் பெரும்பாலும் வளைவில்தான் மாட்டும், ஆசனவாய்க்குள் கைவிட்டால் புடைத்த மூத்திரப்பை தட்டுப்படும். ஆட்டில் அதற்கு இடமில்லை, ஸ்கேன்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்துக் கல்லே இல்லை என்று சொல்லிவிட முடியாது, சில கற்கள் அதில் விழாது.

நாம் வீட்டிலேயே பார்க்கக்கூடியதும் உண்டு. ஆட்டைக் காய்ந்த தரையில் தனியாகக் கட்டி, தரை நனைகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சொட்டுச் சொட்டாக, இரத்தம் கலந்து வந்தாலும் அடைப்புதான். குறி உறையின் வாயிலுள்ள முடியை விரலால் உருவினால் சில சமயம் உப்புத்தூள் போல நறநறவென்று ஒட்டும். இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும், நாளைக் காலை பார்க்கலாம் என்று விடக் கூடாது. மூத்திரம் போகட்டும் என்று தண்ணீரை ஊற்றிப் புகட்டுவதும், நீர் பிரிக்கிற மருந்தைக் கொடுப்பதும் மூடிய குழாய்க்குப் பின்னால் இன்னும் நீரைச் சேர்ப்பதுதான்.

சீக்கிரம் கொழுக்கட்டும் என்று நான் தானியத்தையும் தவிட்டையும் அள்ளிக் கொட்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறார்கள். ரொம்பச் சின்னதிலேயே காயடித்தால் குழாய் அகலமாக வளராது என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் தீவனம் வைக்கும்போதே குனிந்து ஒவ்வொரு கிடாவின் முடியையும் உருவிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆடு வளர்க்கும் ஒரு வாசகன்