படிகத்தைப் பெயர்க்காதீர்கள், பாறையோடு எடுங்கள்

எரிமலைப் பாறைப் பகுதிகளுக்குச் சேகரிப்புப் பயணம் நடத்தும் கனிமக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் புதியவர்களை நீங்கள் அழைத்துப் போவது நல்ல காரியம். ஆனால் அவர்கள் எடுத்துவரும் சியோலைட்டுகள், அதாவது எரிமலைப் பாறையின் பொந்துகளில் வளரும் படிகக் கனிமங்கள், பெரும்பாலும் தாய்ப்பாறை இல்லாத உடைசல்கள். எங்கே கிடைத்தது என்ற சீட்டும் இருப்பதில்லை. கிளம்புமுன் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தால் இதைத் தடுக்கலாம். நிலத்துக்கு உரியவரின் அனுமதி முதலில் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பசால்ட் பாறை ஓட்டம் ஒன்றில் வாயுக் குமிழ்கள் விட்டுப்போன பொந்துகள் மேற்பகுதியில்தான் அதிகம். நடுப்பகுதி இறுகிக் கிடக்கும், அங்கே உளி வைப்பது வீண்வேலை. செங்குத்தான பாறைமுகத்தை யாரும் தட்ட வேண்டாம், மேலிருந்து கல் விழும். வெள்ளம் வடிந்தபின் அடிவாரத்தில் புதிதாகச் சரிந்து கிடக்கும், விளிம்பு கூரான கற்களே போதும். ஆற்றில் உருண்டு வழவழப்பான கல்லில் திறந்த பொந்துகளின் படிகங்கள் தேய்ந்துபோயிருக்கும்.

பொந்து தெரிந்ததும் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஹியூலண்டைட், ஸ்டில்பைட் என்ற சியோலைட்டுகள் ஒரு தளத்தில் எளிதாகப் பிளப்பவை, அதிர்விலேயே உதிரும். பொந்தின் விளிம்பிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளி, சுற்றிலும் உளியால் பள்ளம் எடுத்து, ஒரு கிலோ சுத்தியலால் சிறு அடிகளாகப் போடச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுத்தியலையே உளியாக வைத்து இன்னொரு சுத்தியலால் அடிக்க விடவே கூடாது, எஃகுச் சில்லு தெறிக்கும்.

மெசோலைட், ஸ்கோலசைட் என்ற சியோலைட்டுகளின் ஊசி போன்ற படிகங்களைப் பஞ்சில் பொதியாதீர்கள். ஊசியில் சிக்கிய இழையை எடுக்கும்போது ஊசியும் ஒடிந்து வரும். கல்லின் அடிப்பாகத்தைப் பெட்டியில் அசையாமல் பதித்து, ஊசிகள் எதிலும் படாமல் வையுங்கள்.

படிகங்களோடு ஒட்டியிருக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடும் பழக்கம் குவார்ட்ஸுக்குச் சரி. நேட்ரோலைட், ஸ்கோலசைட், தாம்சனைட் போன்ற சியோலைட்டுகள் அமிலத்தில் சிதைந்து கூழாகிவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வெயிலிலோ அடுப்பிலோ உலர்த்தவும் வேண்டாம். சியோலைட்டின் கட்டமைப்புக்குள்ளேயே நீர் இருக்கிறது. லாமோன்டைட் என்ற வகை உலர்ந்த காற்றிலேயே அதில் ஒரு பங்கை இழந்து வெளுத்துப் பொடியும்.

சீட்டைப் பற்றித்தான் எங்களுக்கு அதிக ஆதங்கம். கிழக்கு ஐஸ்லாந்தின் பசால்ட் அடுக்குகளில் சியோலைட் வகைகள் ஆழத்துக்கேற்ப மண்டலம் மண்டலமாக மாறுவதை நிலவியலாளர் ஜி. பி. எல். வாக்கர் 1960இல் எழுதினார். மேலே சாபசைட்டும் தாம்சனைட்டும், அதன் கீழே அனல்சைம், இன்னும் கீழே மெசோலைட்டும் ஸ்கோலசைட்டும். பாறைக்கு மேலே எவ்வளவு அரித்துப்போயிற்று என்பதைக்கூட இதை வைத்துக் கணிக்கலாம். உயரம் குறிக்காத கல்லிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. பள்ளத்தாக்கின் பெயர், ஆயத்தொலை (அட்சரேகை, தீர்க்கரேகை), கடல்மட்டத்திலிருந்து உயரம், பாறையில் இருந்ததா உதிர்ந்து கிடந்ததா, கூட என்னென்ன கனிமம் இருந்தது, இவ்வளவையும் அந்த இடத்திலேயே எழுதிக் கல்லோடு கட்டவேண்டும்.

அடுத்த பயண அறிவிப்பில் சுத்தியலுக்கு முன்னால் சீட்டுக்கட்டையும் பென்சிலையும் சேருங்கள். பேனா மை ஈரக்கல்லோடு ஒரே பொட்டலத்தில் நிற்காது.